பழைய குடும்பக் குரூப் போட்டோ (1880–1920): காலம் கணிப்பது, பிரதி எடுப்பது, பத்திரப்படுத்துவது

பழுப்பு_நிழல்

அட்டையில் ஒட்டிய குரூப் போட்டோ ஒன்றின் காலத்தைக் கணிக்க வேண்டும். அட்டை 108 × 165 மி.மீ., கனம் ஒரு மி.மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மூலைகள் வளைவாக வெட்டியவை, ஓரத்தைச் சாய்வாகச் சீவிப் பொன் பூசியிருக்கிறார்கள். படத்தில் ஒன்பது பேர், எல்லோரும் ஐரோப்பிய உடையில். ஊதா கலந்த பழுப்பு நிறம், பளபளப்பான மேற்பரப்பு. அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் இருட்டான பகுதிகள், முக்கியமாக ஓரங்கள், நீலம் கலந்த வெள்ளி போல மின்னுகின்றன. பின்பக்கம் ஸ்டூடியோவின் அலங்கார அச்சு, ‘பாரிஸ் 1889’ என்று ஒரு பதக்கம், கையால் எழுதிய ஐந்து இலக்க எண்.

மூன்று கேள்விகள். பழுப்பாக இருப்பதால் ஆல்புமின் பிரிண்ட், 1880-களின் தொடக்கம் என்று வைக்கலாமா? நிற்கும் ஒருவரின் காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடிப்பாகம் தெரிகிறது. அப்படித் தெரிந்தால் அவர் இறந்தவர் என்று இணையத்தில் எழுதுகிறார்களே, உண்மையா? ஸ்கேன் செய்தால் ஓரங்கள் வெளுத்துப்போகின்றன, என்ன செய்யலாம்?

வெள்ளி_உப்பு

நிறத்தை வைத்து முறையைச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் வெயிலில் வைத்தே உருவம் வரவழைத்த தாள்கள் பெரும்பாலும் பழுப்பாகவோ ஊதாவாகவோதான் இருக்கும். தாளின் மேல் வெள்ளியைப் பிடித்து வைக்கும் பூச்சு ஆல்புமின் (முட்டை வெள்ளைக்கரு), கொலோடியன் (ஈதரிலும் ஸ்பிரிட்டிலும் கரைத்த நைட்ரோசெல்லுலோஸ்), ஜெலட்டின் எதுவானாலும் அப்படித்தான். பார்க்க வேண்டியது அடுக்குகளை.

30 மடங்கு காட்டும் சின்ன பாக்கெட் மைக்ரோஸ்கோப் போதும். முகம், சட்டைக் காலர் போன்ற வெளிச்சமான இடத்தில் வைத்துப் பாருங்கள். காகித நார் தெளிவாகத் தெரிந்தால் தாளுக்கும் படத்துக்கும் நடுவே வெள்ளைப் பூச்சு இல்லை. ஆல்புமின் அப்படிப்பட்டது: மெல்லிய தாள், அதன் மேல் முட்டை வெள்ளைக்கருவின் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் வெள்ளி. அதே லென்ஸில் நுண்ணிய வெடிப்பு வலையும் தெரியும், வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்திருக்கும். நார் தெரியாமல் மழமழவென்று வெள்ளையாக இருந்தால் நடுவில் பேரைட்டா (பேரியம் சல்பேட் வெள்ளைப் பூச்சு) அடுக்கு இருக்கிறது. அப்போது அது ஜெலட்டின் அல்லது கொலோடியன்.

நீங்கள் சொல்லும் வெள்ளி மினுமினுப்பு பெரிய தடயம். ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனேற்ற வாயுக்களும் வெள்ளியை அயனியாக்கும். அது மேற்பரப்புக்கு நகர்ந்து அங்கே மறுபடி உலோகமாகப் படியும். ஜெலட்டினில் இது சாதாரணம், ஆல்புமினில் வழக்கமில்லை. ஆக உங்களுடையது அநேகமாக ஜெலட்டின் பூசிய, வெயிலில் அச்சான தாள். இந்த வகைத் தாள் பரவலானது 1890-களில்.

ஓரவெட்டு

கொலோடியனா ஜெலட்டினா என்று உறுதியாகத் தெரிய ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஜெலட்டின் உப்பும், கொலோடியன் உப்பாது.

வெள்ளி_உப்பு

வேண்டாம் ஐயா. உப்பிய இடம் காய்ந்த பிறகும் வட்டத் தடமாக நிற்கும். ஸ்பிரிட் தொட்டுப் பார்ப்பது அதைவிட மோசம், கொலோடியன் கரைந்தே போகும். இருக்கும் ஒரே பிரதியில் செய்கிற சோதனை இல்லை இது. குழல் விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பான கொலோடியனில் மெல்லிய வானவில் நிறம் ஓடும். சிராய்ப்புகளும் கூர்மையான கோடுகளாகத் தெரியும். இதற்கு மேல் உறுதி தேவைப்படுகிறவர்கள் காப்பு நிபுணரிடம் போகட்டும். காலக்கணிப்புக்கு இந்த வித்தியாசம் பெரிதாக உதவப் போவதும் இல்லை, இரண்டும் ஒரே காலத்தில் விற்றவை.

அட்டைவாசி

முறை சொல்வது ஒன்று, அட்டை சொல்வது இன்னொன்று, உடை சொல்வது மூன்றாவது. மூன்றும் சந்திக்கிற இடம்தான் காலம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்டு சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

108 × 165 மி.மீ. என்பது கேபினட் கார்டு. 1866-இல் வந்து 1900-க்குப் பிறகு மங்கியது. அதற்கு முந்தைய சின்ன அளவு கார்ட்-டி-விசிட், சுமார் 64 × 102 மி.மீ., பிரெஞ்சுப் புகைப்படக்காரர் டிஸ்டேரி 1854-இல் காப்புரிமை வாங்கியது. பொதுப்போக்கு இப்படி: 1860-களின் அட்டை மெல்லியது, மூலை நேராக வெட்டியது. 1870-களிலிருந்து மூலை வளைகிறது, அட்டை தடிக்கிறது. சீவிய பொன் ஓரம் 1880-களில். கருஞ்சிவப்பு, கரும்பச்சை, கறுப்பு அட்டைகள் 1880–90-களில். சாம்பல் நிறத்தில் புடைப்பு அச்சுள்ள பெரிய அட்டைகளும் மடிப்புறைகளும் 1900-க்குப் பின். இதெல்லாம் போக்குதான், சட்டம் இல்லை. சிறிய ஸ்டூடியோ பழைய அட்டைக் கட்டு தீரும் வரை அதையேதான் ஒட்டும்.

பதக்கம் கீழ் எல்லையைத் தருகிறது. 1889 பாரிஸ் பொருட்காட்சிப் பதக்கத்தை 1885-இல் அச்சிட முடியாது. எனவே 1880-களின் தொடக்கம் அடிபட்டுப்போகிறது. மேல் எல்லையை அது தராது, பதக்கப் பெருமையை ஸ்டூடியோக்கள் இருபது வருடம்கூட விடாமல் அச்சிட்டன.

ஐந்து இலக்க எண் நெகட்டிவ் எண். மறுபிரதி கேட்டு வருகிறவர்களுக்காக எழுதி வைப்பார்கள். அதே ஸ்டூடியோவின், தேதி தெரிந்த வேறு இரண்டு அட்டைகள் கிடைத்தால் உங்கள் எண்ணை நடுவில் பொருத்தலாம். ஸ்டூடியோ கைமாறியபோது எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம், அதனால் அச்சிட்ட பெயரும் முகவரியும் மூன்று அட்டையிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று பாருங்கள். அந்தக் கால வணிக டைரக்டரிகளில் ஸ்டூடியோ எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்பது கிடைக்கும். பல சமயம் பதக்கத்தைவிட அது நெருக்கமான எல்லையைத் தரும்.

இப்போது கேள்வி: பெண்களின் கைச்சட்டை எப்படி?

பழுப்பு_நிழல்

உட்கார்ந்திருக்கும் மூதாட்டிக்கு இறுக்கமான கை. நிற்கும் இரண்டு இளம் பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கை வரை பலூன் போல உப்பி, மணிக்கட்டு வரை இறுக்கம்.

அட்டைவாசி

அப்படியானால் மூதாட்டியை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் பத்து வருடத்துக்கு முந்தைய வெட்டையே போட்டிருப்பார்கள். காலம் கணிக்க எப்போதும் குரூப்பிலுள்ள திருமண வயதுப் பெண்ணின் உடையைத்தான் பார்க்க வேண்டும். 1890 வாக்கில் தோளில் சின்ன மேடாகத் தொடங்கிய உப்பல் 1895–96-இல் உச்சத்துக்குப் போய் 1897-இல் சட்டென்று சுருங்கியது. முழங்கை வரை பலூன் என்றால் 1893–97 என்பேன். ஜெலட்டின் தாளோடும் பதக்கத்தோடும் இடிக்கவில்லை.

ஆண்களின் கோட்டை வைத்து முயற்சி செய்ய வேண்டாம், நேர விரயம்.

கண்ணாடித்தகடு

ஒரு எச்சரிக்கை. அட்டையும் தாளும் சொல்வது பிரிண்ட் போட்ட காலத்தை. படம் எடுத்த காலம் வேறாக இருக்கலாம். பழைய படத்தை அட்டையோடு மாட்டி மறுபடி படமெடுத்துப் பிரதி போடுவது அன்று சாதாரணத் தொழில். 1865-இல் எடுத்த உருவம் 1895 அட்டையில் உட்கார்ந்திருக்கும். அப்போது உடைக்கும் அட்டைக்கும் முப்பது வருட இடைவெளி தெரியும், அதுதான் முதல் சந்தேகம். மற்ற அடையாளங்கள்: கறுப்பும் வெள்ளையும் விரிவில்லாமல் சாம்பலாகக் கிடப்பது, படத்தின் ஓரத்தில் குண்டூசித் தலையோ மூல அட்டையின் விளிம்போ தெரிவது, கீறலும் மடிப்பும் படத்தில் தெரிந்தும் விரலுக்குத் தட்டுப்படாதது. டார்ச்சைப் படத்தின் மட்டத்துக்கு 10–15 பாகைச் சாய்வில் பிடித்தால் நிஜக் கீறல் நிழல் விழுத்தும், பிரதியில் வந்த கீறல் விழுத்தாது.

குரூப் போட்டோவில் இன்னொன்றும் பார்க்கணும். ஊரில் இல்லாதவரையோ இறந்தவரையோ வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டி, மறுபடி எடுப்பார்கள். ஒருவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழும், தலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும், தோளைச் சுற்றித் தூரிகைப் பூச்சு ஒளிவட்டம் போல நிற்கும், கால் இருக்கும் இடத்தில் தரையில் நிழல் இருக்காது. பெரும்பாலும் பின்வரிசையில்தான் சேர்ப்பார்கள், மார்புக்குக் கீழே மறைந்துவிடும் என்பதால்.

நிலைத்தாங்கி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தாங்கி தெரிந்தால் பிணம் என்பது சுத்தக் கட்டுக்கதை. அந்தத் தாங்கி கனமான வார்ப்பிரும்பு அடி, மேலே ஏற்றி இறக்கும் ஒரு கம்பி, கம்பியின் முனையில் பின்தலையையோ இடுப்பையோ தொடும் கவ்வி, அவ்வளவுதான். உயிருள்ளவர் தலை ஆடாமல் இருக்க நினைவூட்டும் சாதனம். ஒரு முழு உடலின் எடையை நிமிர்த்தி நிறுத்தும் வலு அந்தக் கம்பிக்கும் கவ்விக்கும் கிடையாது. இறந்தவர்களைப் படமெடுத்தது உண்மை, ஆனால் படுக்கையிலோ சவப்பெட்டியிலோ நாற்காலியிலோ, குழந்தையென்றால் தாயின் மடியிலோ, மறைக்காமல் எடுத்தார்கள்.

தாங்கி ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காரணம் வெளிப்பாட்டு நேரம். கொலோடியன் பூசி, ஈரம் காயும் முன் படமெடுக்கும் கண்ணாடித் தகட்டுக்கு ஸ்டூடியோ வெளிச்சத்தில் சில வினாடி முதல் அரை நிமிடம் வரை பிடிக்கும். 1871-இல் மேடக்ஸ் அறிவித்த ஜெலட்டின் உலர்தகடு 1878 வாக்கில் பெனட் செய்த மேம்பாட்டுக்குப் பின் வேகம் பிடித்தது, நேரம் ஒன்றிரண்டு வினாடிக்கு இறங்கியது. மேகமூட்டமான நாளிலும், பெரிய குரூப்பில் முன்வரிசையும் பின்வரிசையும் கூர்மையாக விழ லென்ஸ் துவாரத்தைச் சுருக்கும்போதும், நேரம் மறுபடி நீளும். அதனால்தான் 1890-களின் குரூப்பிலும் தாங்கி நிற்கிறது, குழந்தைகளின் தலை கலங்குகிறது.

‘கண் வெள்ளையாக இருக்கிறது, மேலே வரைந்திருக்கிறார்கள், ஆகவே பிணம்’ என்பதும் இதே ரகம். அன்றைய சாதாரணத் தகடுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே பிடிபடும். நீலக் கண் கிட்டத்தட்ட வெள்ளையாக விழும், ரீடச் செய்பவர் (படத்தைக் கையால் திருத்துபவர்) அதில் கருவிழியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார். சிவப்பும் மஞ்சளும் அதே காரணத்தால் கருத்துப்போகும். கறுப்பு உடை தெரிந்தால் துக்க உடை என்று எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை, அது கருஞ்சிவப்புப் பட்டாகவும் இருந்திருக்கலாம். சாயம் சேர்த்தால் தகட்டின் பார்வை பச்சை, மஞ்சள் பக்கமும் நீளும் என்று ஃபோகல் 1873-இல் கண்டார். எல்லா நிறமும் பிடிக்கும் பான்குரோமாட்டிக் தகடு விற்பனைக்கு வந்தது 1906-இல், ஸ்டூடியோக்களுக்குப் பரவ இன்னும் நாள் பிடித்தது.

ஓரவெட்டு

அப்படியானால் இப்போதைய செயலிகள் போடும் கலர் எல்லாம்?

நிலைத்தாங்கி

ஊகம். நீலமும் வெள்ளையும் ஒரே சாம்பலாகவும், சிவப்பும் கறுப்பும் ஒரே இருட்டாகவும் பதிந்த பிறகு திரும்பப் பிரிக்க வழியில்லை. முகத்தைக் கூர்மையாக்கும் செயலியும் அப்படியே, கலங்கிய குழந்தைக்கு அது வேறு ஒரு குழந்தையின் கண்ணையும் பல்லையும் வைக்கும். விளையாட்டுக்குச் செய்யுங்கள், மூலக் கோப்பின் பெயரில் சேமிக்காதீர்கள்.

கண்ணாடித்தகடு

ரீடச் பற்றி ஒரு வரி: அது பிரிண்டின் மேல் இல்லை, நெகட்டிவின் மேல். ஜெலட்டின் பக்கத்தில் பிசின் கலந்த பூச்சைத் தேய்த்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். சுருக்கம், மச்சம், சிவந்த முகத்தின் கருமை எல்லாம் அப்படித்தான் மறைந்தன. சுரண்டினால் எதிர்மாறு, பிரிண்டில் கருக்கும். பெண்களின் இடுப்பைச் சிறுக்கியதும் நெகட்டிவிலேதான். 40 வயதுக்காரர் முகம் மெழுகு போல இருந்தால் வயதைக் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள்.

கோணவிளக்கு

மூன்றாவது கேள்வி. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிக்கிறது, வெள்ளிப் படிவு அதைக் கண்ணாடி போலத் திருப்புகிறது. மென்பொருளில் இதைச் சரிசெய்ய முயலாதீர்கள், அடியில் விவரமே பதிவாகவில்லை. கேமராவால் குறுக்குத் துருவ முறையில் எடுக்க வேண்டும், அதாவது விளக்கிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்கான துருவ வடிகட்டி வைத்து மினுக்கை வெட்டுவது.

படத்தை மேசையில் கிடத்தி, கேமராவைச் செங்குத்தாக மேலே கட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு எல்ஈடி விளக்குகள், இருபுறமும் 45 பாகையில். சூடாகும் விளக்கு கூடாது, அட்டை வளையும். இரண்டு விளக்கின் முன்பும் துருவத் தாள் ஒட்டுங்கள், இரண்டின் அச்சும் ஒரே திசையில் இருக்கணும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு தாள் திரும்பியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் மின்னும். லென்ஸில் துருவ ஃபில்டர் போட்டு, படத்துக்குப் பக்கத்தில் ஒரு எஃகு குண்டோ பளபளப்பான கரண்டியோ வைத்து, அதில் தெரியும் விளக்கின் மினுக்கு அணையும் வரை ஃபில்டரைத் திருப்புங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, டைமரில் எடுங்கள். வெளிச்சம் நிறைய இழக்கும், ஷட்டர் நேரம் நீளும், முக்காலி ஆடாமல் இருக்கட்டும். சாம்பல் அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து ரா கோப்பாக (கேமரா மாற்றாமல் தரும் மூலக் கோப்பு) எடுங்கள்.

சாதாரண வெளிச்சத்திலும் ஒன்று எடுத்து வையுங்கள். குறுக்குத் துருவம் மினுமினுப்பை மறைப்பதால் படத்தின் உண்மையான சேத நிலை அதில் தெரியாது.

மினுமினுப்பு இல்லாத படங்களுக்கு ஸ்கேனர் போதும். கேபினட் கார்டுக்கு 600 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), கார்ட்-டி-விசிட்டுக்கு 1200. சின்னதற்கு 1200 எதற்கு என்றால், படப்பகுதி 2⅛ × 3½ அங்குலம்தான், 1200-இல் 2550 × 4200 புள்ளி கிடைக்கும். சேனலுக்கு 16 பிட் கலரில் 64 எம்பி வரும். டிஃப் (தரம் குறையாத கோப்பு வகை) ஆகச் சேமியுங்கள். தானியங்கிக் கூர்மை, தூசி நீக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள், தூசி நீக்கம் சரிகைப் பொத்தானைத் தூசி என்று எடுத்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுக்காதீர்கள். படம் மஞ்சளாக வெளுத்திருந்தால் மிச்சமிருக்கும் வெள்ளி நீல ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும், நீலச் சேனலில் உருவம் அழுத்தமாகக் கிடைக்கும். மேலே தேநீர் நிறத்தில் கறை என்றால் அதே நீலச் சேனலில்தான் கறை மோசமாகத் தெரியும், சிவப்பில் கிட்டத்தட்ட மறையும். ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் இடம் பார்த்து இரண்டு சேனலையும் கலக்கலாம். கலரில் எடுத்தால்தான் இந்த வாய்ப்பே உண்டு. பின்பக்கத்தையும் அதே அளவில் எடுங்கள்.

பழுப்பு_நிழல்

நார் தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஜெலட்டின் என்றே வைத்துக்கொள்கிறேன். அட்டையின் ஒரு மூலை பிஸ்கட் போல நொறுங்குகிறது. படத்தை உரித்து வேறு அட்டையில் ஒட்டலாமா? தகர அட்டைப் படம் ஒன்றும், புடைத்த முட்டை வடிவப் பெரிய படம் ஒன்றும் கூடவே இருக்கின்றன.

வெள்ளி_உப்பு

உரிக்காதீர்கள். அட்டை நொறுங்குவது உள்ளே இருக்கும் மலிவான மரக்கூழால், லிக்னின் அமிலமாகிறது. படத்தாளோ அட்டையைவிடப் பல மடங்கு மெல்லியது, மாவுப்பசையால் முழுப் பரப்பும் ஒட்டியிருக்கிறது. நனைத்தால் ஜெலட்டின் உப்பி நகரும், ஆல்புமினாக இருந்தால் வெடிப்பு இன்னும் விரியும். பின்பக்க அச்சும் எண்ணும் போய்விடும். அட்டையைவிட 5 மி.மீ. பெரிதாக அமிலமற்ற கெட்டி அட்டை ஒன்றை அடியில் தாங்கலாக வைத்து, இரண்டையும் சேர்த்து உறையில் போடுங்கள். எடுக்கும்போது தாங்கலைத்தான் பிடிக்கணும். செலோடேப் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

உறை வாங்கும்போது போட்டோகிராஃபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட் (உறைப்பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் சோதனை) தேறியது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதன் தரநிலை ஐஎஸ்ஓ 18916. ‘அமிலமற்றது’ என்ற சொல் மட்டும் போதாது. பிளாஸ்டிக் என்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன், பிவிசி கூடாது. ஈரப்பதம் அதிகமான இடத்தில் நான் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்பேன். ஜெலட்டின் மேற்பரப்பு ஈரத்தில் இளகிப் பிளாஸ்டிக்கில் ஒட்டும், பிரித்தால் பளபளவென்று திட்டு விழும். காகித உறை மூச்சு விடும். பசைக்கோடு போட்டு மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஈரப்பதம் 30–50 சதவீதத்துக்குள், வெப்பம் 20 பாகைக்குக் கீழ் என்பது இலக்கு. வீட்டில் முடியாவிட்டால் ஏற்ற இறக்கத்தையாவது குறையுங்கள்: வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, மொட்டை மாடிக்குக் கீழான பரண் இரண்டும் வேண்டாம். ஈரப்பதம் 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். வெள்ளிப்பூச்சி ஜெலட்டினையும் மாவுப்பசையையும் ருசித்துத் தின்னும்.

அட்டைவாசி

தகரப்படம்: பெயர்தான் தகரம், அரக்கு பூசிய இரும்புத் தகடு. பின்பக்கம் காந்தம் பிடிக்கும், முன்பக்கம் வைக்காதீர்கள். நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகத் தகட்டிலேயே எடுத்தது, அதனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். மோதிரம், கோட்டுப் பொத்தான், தலை வகிடு எல்லாவற்றையும் திருப்பிப் படிக்கணும். மூலக் கோப்பைத் திருப்பாமல் வைத்து, திருப்பியதை இரண்டாவது பிரதியாகச் சேமியுங்கள். துருப்பிடிக்கும், தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கண்ணாடித்தகடு

புடைத்த முட்டைப் படம் அநேகமாக 1900–1920. சின்ன அட்டைப் படத்தை மங்கலாகப் பெரிதாக்கி, மேலே கரியாலும் பாஸ்டலாலும் வரைந்தது. லென்ஸில் பார்த்தால் புருவமும் மீசையும் தனித்தனிக் கோடுகளாக இருக்கும். கரித்தூள் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மென்தூரிகைகூட வேண்டாம், துணி நிச்சயமாக வேண்டாம். தட்டையாக அமுக்கினால் நடுவில் பிளக்கும். ஸ்கேனரில் ஏறாது, கேமராதான். புடைப்புக் கண்ணாடி இன்னும் இருந்தால் கழற்றாமல், குறுக்குத் துருவத்தில் கண்ணாடி வழியாகவே எடுங்கள்.

ஓரவெட்டு

பெயர்களை எங்கே எழுதுவது? பின்பக்கம் பேனாவில் எழுதினால் முன்னால் ஊறுகிறது.

அட்டைவாசி

மென்மையான பென்சில், 2பி அல்லது 4பி. படத்தைச் சுத்தமான கண்ணாடியின் மேல் கவிழ்த்து, முகங்கள் இல்லாத ஓரத்தின் பின்புறம், அழுத்தாமல். நொறுங்கும் அட்டையில் அதுவும் வேண்டாம், உறையில் படத்தை உள்ளே போடும் முன் எழுதுங்கள். குரூப்புக்கு ஸ்கேனிலிருந்து ஒரு கோட்டுருவம் வரைந்து தலைகளுக்கு எண் போட்டு, பெயரை எண்ணோடு சேர்ப்பதே குழப்பமில்லாதது. ‘இடமிருந்து வலம்’ என்றால் பார்ப்பவரின் இடம் என்று எழுதிவிடுங்கள். பெயரைச் சொன்னவர் யார், எந்த ஆண்டு சொன்னார் என்பதையும் சேருங்கள், ஊகமாகச் சொன்ன பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போடுங்கள். கோப்பிலும் இதே விவரத்தை மெட்டாடேட்டாவின் விளக்கப் பகுதியில் ஏற்றுங்கள். ஆண்டுக்கு ஒற்றை எண் கேட்கும் மென்பொருளில் 1895 என்று போட்டாலும், விளக்கத்தில் ‘1893–97, கைச்சட்டை வெட்டும் பதக்க ஆண்டும் வைத்து’ என்று காரணத்தோடு எழுதுங்கள். அதே ஸ்டூடியோவின் தேதியிட்ட அட்டை வேறு எங்காவது கிடைத்தால் நெகட்டிவ் எண்ணை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.